சுமையிலிருந்து தொடங்கிய திட்டம்: கொலராடோ மலையில் முதல் எல்க் வேட்டை

முழுதாக வளர்ந்த ஓர் ஆண் எல்க்கின் எடை சுமார் 320 கிலோ; தோள்வரை உயரம் ஐந்து அடி. நம் கடமானுக்கு உறவான இனம், ஆனால் உருவத்தில் அதைவிடச் சற்றுப் பெரியது. தலை, தோல், குடல், எலும்பு எல்லாவற்றையும் கழித்த பிறகும் 90 முதல் 100 கிலோ வரை வெறும் கறியாக மிஞ்சும். சாலையே இல்லாத காட்டில், பத்தாயிரம் அடி உயரத்தில், சாய்ந்து கிடக்கும் மரங்களுக்கு நடுவே அந்தக் கறி கிடக்கும்போது, அதைக் கெட்டுப்போவதற்கு முன் வண்டிவரை முதுகில் சுமந்து சேர்க்க வேண்டியவர் சுட்டவர்தான். முதல் எல்க் வேட்டைக்குத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் மான் எங்கே கிடைக்கும் என்ற கேள்வியில் தொடங்குகிறார்கள். எந்த மாதம் போவது, எவ்வளவு தூரம் உள்ளே போவது, யாரைத் துணைக்கு அழைப்பது, எந்த இடத்தில் விசையைத் தொடாமல் விடுவது என்ற கேள்விகள் எல்லாவற்றுக்குமான விடை அந்தச் சுமையில் இருப்பதாக நான் நினைக்கிறேன். வரும் அக்டோபரில் கொலராடோவின் ஃபிளாட் டாப்ஸ் மலைப்பகுதிக்கு நானும் அலுவலக நண்பர் ஒருவரும் செல்லவிருக்கிறோம்; எங்கள் இருவருக்கும் இதுதான் முதல் வேட்டை. திட்டமிட்ட விதத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வளர்ந்த தலைமுறை நாங்கள். வேட்டை என்றாலே திருட்டு வேட்டை என்ற நினைப்பு எங்களிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது, அந்த மண்ணில் அது சரியான நினைப்பும்கூட. கொலராடோவின் கதை வேறு வழியில் போயிற்று. கறிக்காகவும் தோலுக்காகவும் வரம்பின்றிச் சுட்டதில், 1910ஆம் ஆண்டு வாக்கில் இந்த மாநிலம் முழுவதும் ஆயிரத்துக்கு மேல் எல்க்குகள் மிஞ்சவில்லை என்று மதிப்பிடப்படுகிறது. பிறகு வயோமிங்கிலிருந்து எல்க்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள்; பருவமும் எண்ணிக்கையும் சட்டமாயின; 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான வரியைக் காட்டுயிர்ப் பராமரிப்புக்கு ஒதுக்கியது. இன்று இங்கே ஏறக்குறைய மூன்று லட்சம் எல்க்குகள் இருக்கின்றன. உலகில் வேறெந்த மாநிலத்திலும் மாகாணத்திலும் இவ்வளவு இல்லை. உரிமத்துக்கு நான் கட்டும் பணம் இந்த மந்தைகளைக் கணக்கெடுக்கவும் காக்கவும் போகிறது என்பதை அறிந்த பிறகுதான் வீட்டில் இந்தப் பேச்சையே எடுத்தேன்.

சட்டத்தைப் பற்றி நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. முறைப்படி வழங்கப்பட்ட வேட்டை உரிமம் கையில் இருப்பவர்களுக்கு அதே சட்டம் விலக்களிக்கிறது. உரிமம் எடுப்பதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டுவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது விசாவையே பறிக்கக்கூடிய காரியம். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுவது நல்லது. அடுத்ததாக, 1949ஆம் ஆண்டு சனவரி முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் கொலராடோவில் உரிமம் பெற, வேட்டைக் கல்விச் சான்று வைத்திருக்க வேண்டும். ஆறு மாதம் தொடர்ந்து இங்கே வசித்தவருக்கு உள்ளூர்க் கட்டணம். வெளிமாநிலத்தவர் கொடுப்பதில் அது பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும்.

ஃபிளாட் டாப்ஸை நாங்கள் தேர்ந்தெடுத்த காரணத்தைச் சொல்ல வேண்டும். டென்வரிலிருந்து மேற்கே, மீக்கர், யாம்பா என்ற இரண்டு சிற்றூர்களுக்கு இடையில், எரிமலைக் குழம்பு உறைந்து அடுக்கடுக்காக எழுந்த பீடபூமி அது. விளிம்புகளில் செங்குத்தான பாறைச்சுவர்கள். மேலே ஏறிவிட்டால் பதினோராயிரம் அடி உயரத்தில் புல்வெளியும் சிறு ஏரிகளும் நீண்டு கிடக்கும். வொயிட் ரிவர் மந்தை என்று காட்டுயிர்த் துறையினர் அழைக்கும் பெரும் எல்க் கூட்டம் கோடையில் மேயும் இடம் இது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான யூட் மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய நிலம். 1879இல் மீக்கர் அருகே நடந்த மோதலுக்குப் பிறகு, 1881இல் அவர்கள் யூட்டாவுக்குத் துரத்தப்பட்டார்கள். அதையும் தெரிந்துகொண்டுதான் அந்த மண்ணில் கால் வைக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அங்குள்ள டிராப்பர்ஸ் ஏரியைச் சுற்றிக் கோடை வீடுகள் கட்ட இடம் அளந்து வரும்படி 1919இல் ஆர்தர் கார்ஹார்ட் என்ற இளம் அதிகாரியை வனத்துறை அனுப்பியது. திரும்பி வந்தவர், அந்த ஏரியை எதுவும் கட்டாமல் அப்படியே விட்டுவிட வேண்டும் என்று சொன்னார், துறையும் அதை ஏற்றது. 1975இல் இந்தப் பீடபூமியின் பெரும்பகுதி இயந்திரங்கள் நுழையாத வனமாக அறிவிக்கப்பட்டது.

இயந்திரங்கள் நுழையாத வனம் என்பதற்கு நடைமுறையில் என்ன பொருள் என்பதை நம் சுமையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வண்டி கூடாது, மிதிவண்டி கூடாது, கறியை வைத்து உருட்டிக்கொண்டு வரும் இரண்டு சக்கரத் தள்ளுவண்டியும் கூடாது. குதிரை போகலாம், கோவேறு கழுதை போகலாம், இல்லாவிட்டால் மனிதன் நடக்கலாம். எல்லைக்கு வெளியே இருக்கும் தேசியக் காட்டில் இந்தத் தடை இவ்வளவு கடுமையாக இல்லை. ஆகவே எங்கள் முகாமை எல்லைக்கு உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா என்பதே முதல் பெரிய விவாதமாயிற்று.

நண்பர் ஈரோட்டுக்காரர், என்னைவிட இளையவர். "அண்ணா, அஞ்சு மைல் உள்ள போயிட்டா ஒரு ஆளு இருக்க மாட்டாங்க. மானெல்லாம் அங்கதானுங்க நிக்கும்" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. சாலை ஓரத்தில் ஆள் நடமாட்டம் கூடக் கூட எல்க்குகள் உள்ளே ஒதுங்கும். "போறது சரி தம்பி. திரும்பி வரும்போது முதுகுல என்ன இருக்கும்னு ஒரு கணக்குப் போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டு, இருவரும் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

கணக்கு இதுதான். எலும்பு நீக்கிய கறி 95 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதை நான்காகப் பிரித்தால் ஒரு சுமை 24 கிலோ. அதன்மேல் துப்பாக்கி, தண்ணீர், மழைச்சட்டை என்று எட்டு கிலோவாவது ஏறும். கூடாரமும் படுக்கையும் சமையல் சாமானும் தனியாக இரண்டு சுமை. ஆக மொத்தம் ஆறு சுமை, ஆளுக்கு மூன்று. மூன்று முறை சுமையோடு வெளியே வர, நடுவே இரண்டு முறை வெறும் பையோடு உள்ளே போக வேண்டும். ஐந்து மைல் தூரமென்றால் ஒவ்வொருவரும் 25 மைல் நடக்க வேண்டும். இரண்டு மைல் என்றால் பத்து மைல். விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி, முப்பது கிலோவுக்கு மேல் சுமந்து, அந்த உயரத்தில் மணிக்கு ஒரு மைல் நடந்தாலே பெரிது. ஐந்து மைல் என்பது மூன்று நாள் வேலை. இரண்டு மைல் என்றால் ஒரு முழு நாளும் மறுநாள் காலையும் போதும். நண்பர் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு அவரே பென்சிலை எடுத்து, வண்டி நிறுத்தும் இடத்தை மையமாக வைத்து இரண்டரை மைல் ஆரத்துக்கு வரைபடத்தில் வட்டமாகக் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு அப்பால் நடக்கலாம், தொலைநோக்கியில் பார்க்கலாம், சுடுவதில்லை. பள்ளத்தாக்கின் அடியில் இறங்கி, மறுபடி ஆயிரம் அடி ஏற வேண்டியிருக்கும் இடங்களைக் கோட்டுக்கு உள்ளேயே இருந்தாலும் சிவப்பு அடித்துவிட்டோம்.

குதிரைக்காரரை அமர்த்திக் கறியை இறக்கிக்கொள்ளும் வழியும் இருக்கிறது. உரிமம் பெற்ற வழிகாட்டிகள் பணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்கிறார்கள். ஆனால் பருவத்தின் நடுவில், கைப்பேசித் தொடர்பு இல்லாத இடத்திலிருந்து, அவர்களுக்குத் தகவல் சொல்லி, அவர்கள் வேறு வேலை முடித்து வருவதற்குள் இரண்டு நாள் ஓடிவிடலாம். முன்பே பேசி வைத்து, ஆள் வருவது உறுதி என்றால் மட்டுமே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நாங்கள் சேர்க்கவில்லை.

பருவத்துக்கு வருகிறேன். செப்டம்பர் முழுவதும் வில் வேட்டைப் பருவம். ஆண் எல்க்குகள் இணை தேடிக் குரல் எழுப்பும் மாதம் அது. ஊளையும் சீழ்க்கையும் கலந்த அந்தக் குரல் ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டியும் கேட்கும், அதைக் கேட்பதற்காகவே பலர் போகிறார்கள். ஆனால் வில்லில் தேர்ச்சி பெறப் பல ஆண்டுகள் ஆகும். அதோடு, செப்டம்பர் நண்பகலின் வெயிலில் கறி வெகு விரைவில் கெடும். நாங்கள் எடுத்திருப்பது அக்டோபர் கடைசியில் தொடங்கி ஒன்பது நாள் நடக்கும் இரண்டாம் துப்பாக்கிப் பருவம். அப்போது இரவில் தண்ணீர் உறையும், பகலிலும் நிழலான இடம் குளிர்ந்தே இருக்கும். மரக்கிளையில் காற்றாடத் தொங்கவிட்ட கறி சில நாள் தாங்கும். இதற்குக் கொடுக்கும் விலை, எல்க்குகள் வாய் திறப்பதில்லை என்பது. இணைசேரும் காலம் முடிந்து, களைத்துப்போன பெரிய ஆண்கள் மந்தையை விட்டு விலகி, அடர்ந்த காட்டில் பேசாமல் படுத்துக் கிடக்கும். கண்ணால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு நாங்கள் முதலில் சொன்ன விடை பெண். பெண் எல்க் 225 கிலோ அளவு இருக்கும். கறி சுமார் 70 கிலோ, மென்மையானது, சுமையும் ஒரு நடை குறையும். மந்தை பெருத்துவிட்ட இடங்களில் பெண் எல்க்குகளைச் சுடுவதன் மூலமே எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க முடியும் என்பதால், முதல்முறை போகிறவர்களுக்குப் பலரும் சொல்லும் அறிவுரையும் இதுதான். ஆனால் 2022-23 குளிர்காலம் வடமேற்குக் கொலராடோவில் மிகக் கொடுமையாக இருந்தது. பனி ஆழமாக விழுந்து, மேலே இறுகிப்போய், எல்க்குகள் காலால் கிளறியும் புல் எட்டாமல் பட்டினியில் செத்தன. கன்றுகள் பெருமளவில் போயின. காட்டுயிர்த் துறை அந்தப் பகுதியில் உரிமங்களை வெகுவாகக் குறைத்தது. மந்தையைத் திரும்பப் பெருக்குவது பெண் எல்க்குகள்தான். அது தேறி வருகையில் ஒரு பெண்ணை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. நண்பரும் இதில் ஒத்துப்போனார். இரண்டாம் பருவத்தில் ஆண் எல்க்குக்கான உரிமம் இந்தப் பகுதியில் குலுக்கல் இல்லாமலே கடையில் கிடைத்து வந்திருக்கிறது. பெண் எல்க்குக்கும் மற்ற பல உரிமங்களுக்கும் ஏப்ரல் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துக் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். விதிகள் ஆண்டுக்காண்டு மாறுகின்றன. வெளிமாநிலத்தவருக்கு வில் பருவத்தில் கடையில் உரிமம் கொடுப்பதை 2025 முதல் மாநிலத்தின் பெரும்பகுதியில் நிறுத்திவிட்டார்கள். அந்தந்த ஆண்டின் கையேட்டை வரி விடாமல் படிப்பதற்கு மாற்று இல்லை.

ஆண் உரிமத்தோடு ஒரு நிபந்தனை சேர்ந்து வருகிறது. ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளைகளாவது இருக்க வேண்டும், அல்லது நெற்றிக்கு நேர்மேலே முன்னோக்கி நீளும் முதல் கிளை ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். இளம் ஆண்களைக் காப்பதற்கான விதி. காலை மங்கலில், மர நிழலில், அசைந்துகொண்டிருக்கும் தலையில் இதை எண்ணிவிட வேண்டும். எண்ண முடியவில்லை என்றால் சுடக்கூடாது. இதைவிடப் பெரிய பிழை, மூஸ் என்ற இன்னொரு பெரிய மான் இனத்தை எல்க் என்று நினைத்துச் சுடுவது. 1978இல் கொலராடோவுக்குக் கொண்டுவரப்பட்ட மூஸ்கள் இப்போது பரவலாக இருக்கின்றன, ஃபிளாட் டாப்ஸிலும் இருக்கின்றன. எல்க்கின் உடல் வெளிர் பழுப்பு, கழுத்து கரும்பழுப்பு, பின்புறம் வெளிறிய மஞ்சள். மூஸ் உடம்பு முழுவதும் கறுத்து, மூக்கு தொங்கி இருக்கும். படங்களை எதிரே வைத்து இருவரும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பழகி வருகிறோம்.

இந்த ஏற்பாடுகளில் எனக்கு மிக அதிகமாகக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். இளமை முழுவதும் இந்த மலைகளில் வேட்டையாடியவர். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. சென்ற பருவத்தில் அவருடைய மகன் கொண்டுவந்த பின்னந்தொடை ஒன்றைக் கார் நிறுத்தும் கொட்டகையில் மேசைமேல் கிடத்தி, என் கையில் கத்தியைக் கொடுத்தார். என் இடுப்பு உயரத்துக்கு நீளமான தொடை அது. மேல்பகுதியில் விரலை அழுத்தி வைத்து, அங்கே கல்போல உருண்டையாகத் தட்டுப்படுவது என்ன என்று கேட்டார். தொடையெலும்பின் தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் பொருந்தும் உருண்டை. ஒரு எல்க் விழுந்த பிறகு உடம்பிலேயே கடைசியாகக் குளிரும் இடம் அதுதான் என்றார். வெளியே தோல் உறைந்து விறைத்திருக்கும். உள்ளே அந்த எலும்பைச் சுற்றி உடல் சூடு அப்படியே நிற்கும். மறுநாள் வெட்டினால் எலும்பை ஒட்டிய கறி பச்சை ஏறி நாறும். அதனால் தொடையைக் கழற்றியதும் எலும்பின் நீளத்துக்கு உள்பக்கமாக ஒரே கீறலாகக் கீறிப் பிளந்துவிட வேண்டும். நான் கீறினேன், கத்தி முனை எலும்பில் உரசிக்கொண்டே போக, கறி இரு பக்கமும் புத்தகம் விரிவதுபோல விரிந்தது. கையை வெளியே இழு, கத்தியை உன் பக்கம் கொண்டுவராதே, களைத்துப்போன கை முதலில் வெட்டுவது தன்னையே என்று மூன்று முறை சொல்லியிருப்பார்.

வயிற்றைத் திறக்காமலே கறி எடுக்கும் முறையை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எல்க்கை ஒரு பக்கமாகச் சாய்த்து, முதுகுத்தண்டின் நெடுக்கே தோலைக் கீறி உரித்து, மேலே இருக்கும் முன்னங்காலையும் பின்னந்தொடையையும் கழற்றி, முதுகெலும்பை ஒட்டி நீளும் முதுகுக்கறியை எடுத்து, கழுத்துக்கறியை அரிந்து, பிறகு உடம்பைப் புரட்டிப்போட்டு மறுபக்கமும் அதேபோலச் செய்ய வேண்டும். இடுப்புப் பகுதியில் முதுகெலும்புக்கு அடியில், உள்பக்கம் ஒட்டியிருக்கும் மென்கறியைக் கடைசி விலாவுக்குப் பின்னால் கையை விட்டு எடுத்துக்கொள்ளலாம். நான்கு கால்களின் கறி, முதுகுக்கறி, உள்மென்கறி ஆகியவற்றைக் காட்டில் விட்டுவிட்டு வருவது கொலராடோவில் குற்றம். கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குத் தண்டனை கடுமையானது. ஆண் என்பதற்கான அடையாள உறுப்பு ஒரு தொடையோடு இயற்கையாக ஒட்டியபடியே வண்டிவரை வர வேண்டும். உரிமத்தோடு வரும் அட்டையில் கையெழுத்திட்டுத் தேதி குறித்து உடலோடு கட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டையும் காற்று நுழையும் மெல்லிய துணிப்பையில் போட்டு, நிழலில், ஒன்றோடொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் பை சூட்டை அடைத்து வைத்துக் கறியைக் கெடுத்துவிடும்.

இப்போது மானைத் தேடும் பகுதி. எல்க்கின் கண்ணை ஏமாற்றலாம், காதையும் ஒருவேளை ஏமாற்றலாம். மூக்கை ஏமாற்ற முடியாது. மலையில் காற்றுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. இரவிலும் விடியலிலும் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும். வெயில் சரிவைச் சூடாக்கியதும் மேல்நோக்கித் திரும்பும். மாலை நிழல் விழுந்ததும் மறுபடி கீழே இறங்கும். ஆகவே காலையில் புல்வெளிக்குக் கீழேயிருந்து நெருங்க வேண்டும், நண்பகலில் மேலேயிருந்து. காற்று திரும்பும் அந்த இடைவேளையில் எங்கும் நகராமல் உட்கார்ந்திருப்பது உத்தமம். எல்க்குகள் இரவிலும் விடியலிலும் திறந்த புல்லில் மேய்ந்துவிட்டு, பகலில் வடக்கு நோக்கிய சரிவுகளின் அடர்ந்த ஸ்புரூஸ், ஃபிர் என்ற ஊசியிலை மரக் காடுகளில் படுக்கும். எங்கள் கோட்டுக்குள், புல்வெளியும் தண்ணீரும் வடசரிவுக் காடும் அரை மைலுக்குள் சேர்ந்து வரும் இடங்களை வரைபடத்தில் குறித்து, கோடையில் நேரில் போய்ப் பார்த்தோம். சாணமும், பட்டை உரிந்த ஆஸ்பென் மரங்களும், சேற்றுக் குழிகளும் இருந்த இடங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தோம். பனி கனத்தால் மந்தை கீழே இறங்கும். துப்பாக்கிச் சத்தம் தொடங்கியதும் பல எல்க்குகள் தனியார் பண்ணை நிலத்துக்குள் புகுந்துவிடும், அங்கே அனுமதியின்றி நாம் கால் வைக்க முடியாது. நில எல்லையைக் காட்டும் செயலியைக் கைப்பேசியில் முன்பே இறக்கி வைத்திருக்கிறோம். தாள் வரைபடமும் பையில் இருக்கும்.

சுடுவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன், ஏனென்றால் இதில் கூடுதலாகப் பேசுவதற்கு எனக்கு இன்னும் தகுதி வரவில்லை. எங்கள் இருவரிடமும் இருப்பது .30-06 ரைஃபிள். ஈயத் தோட்டா எலும்பில் மோதிச் சிதறும்போது நுண்துகள்கள் கறிக்குள் பரவும் என்பதால், குழந்தைகளும் சாப்பிடப்போகும் கறியென்று செம்புத் தோட்டாவையே எடுத்தோம். பயிற்சித் திடலில் மேசைமேல் வைத்துச் சுடுவதை விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்தும், மண்டியிட்டும், முதுகுப்பையின்மேல் சாய்த்தும், ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே சுட்டும் பார்த்தோம். இருநூறு கெஜத்துக்கு உள்ளே முன்னங்காலுக்குப் பின்னால் நுரையீரல் இருக்கும் அளவுக்குள் தோட்டாக்கள் விழுகின்றன. அதைத் தாண்டினால் சிதறுகின்றன. ஆகவே இருநூறு கெஜம் எங்கள் எல்லை, பக்கவாட்டில் நிற்கும் விலங்கு மட்டுமே. சுட்ட பிறகு அரைமணி நேரம் அசையாமல் இருப்போம். அடிபட்ட எல்க்கை உடனே துரத்தினால், சாகும் நிலையிலும் மைல் கணக்கில் ஓடும். சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிலிருந்து அத்தமனத்துக்கு அரைமணி பின்புவரை சுடலாம் என்கிறது சட்டம். காயம்பட்ட விலங்கை இருட்டில் தொலைத்துவிடக்கூடாது என்பதால், மாலையின் அந்தக் கடைசி அரைமணியை நாங்களாகவே விட்டுவிட்டோம். ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிற உடை 500 சதுர அங்குலத்துக்குக் குறையாமலும், தலையில் அதே நிறத் தொப்பியும் கட்டாயம்.

உடம்பைத் தயார் செய்வதும் சுமையை ஒட்டியதுதான். பத்தாயிரம் அடியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. டென்வரிலேயே ஒரு மைல் உயரத்தில் வாழ்வதால் எங்களுக்குக் கொஞ்சம் அனுகூலம் உண்டு. சென்னையிலிருந்தோ ஹூஸ்டனிலிருந்தோ நேரே வருகிறவர் முதல் இரண்டு நாளை நடக்காமல் ஒதுக்கி வைக்க வேண்டும். தலைவலி, குமட்டல் வந்தால் மேலே ஏறக்கூடாது. படுத்திருக்கும்போதும் மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, அந்த நிமிடமே கீழே இறங்க வேண்டும், எல்க் கண்ணெதிரில் நின்றாலும் சரி. பயிற்சிக்குப் பையில் மணல் மூட்டையைப் போட்டுக்கொண்டு படியேறுகிறேன். ஏறுவதைவிடச் சுமையோடு இறங்கும்போது முழங்கால் படும் பாடுதான் அதிகம் என்பதை அதில் கண்டேன். இரண்டு ஊன்றுகோல்கள் இல்லாமல் இனி நான் நடப்பதாக இல்லை.

கூடாரம் போடும் இடத்தில் ஃபிளாட் டாப்ஸுக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. 1940களில் ஸ்புரூஸ் வண்டு இந்தப் பீடபூமியின் காடுகளைக் கொன்று தீர்த்தது. அப்போது செத்த மரங்கள் சில இன்னமும் வெள்ளி நிறத்தில் நின்றுகொண்டிருக்கின்றன. 2002இல் எரிந்த பிக் ஃபிஷ் தீ விட்டுச்சென்ற கரிந்த மரங்களும் டிராப்பர்ஸ் ஏரியைச் சுற்றி இருக்கின்றன. காற்றடித்தால் இவை முன்னறிவிப்பின்றிச் சாயும். ஆகவே செத்த மரத்தின் உயரத்துக்கு மேல் தள்ளித்தான் கூடாரம். தண்ணீர் வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே விரிசல் விட்டுப் பயனற்றுப் போகும் என்பதால் இரவில் அது படுக்கைப் பைக்குள் என்னோடு தூங்கும். சாப்பாட்டுக்கு, வெந்நீர் ஊற்றினால் ஆயிற்று என்று அவலும், கடலை உருண்டையும், நெய்யில் வறுத்த சத்துமாவும் எடுத்துக்கொள்கிறோம். எடையில் குறைவு, அடுப்பில் வாயுவும் மிச்சம். கறுப்புக் கரடிகள் அக்டோபர் கடைசியிலும் உலவலாம். கறியைக் கூடாரத்திலிருந்து நூறு கெஜத்துக்கு அப்பால், தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய மரத்தில், பத்தடிக்கு மேல் தொங்கவிட்டு, அடுத்த நடைக்குத் திரும்பும்போது சத்தம் கொடுத்துக்கொண்டே போவோம்.

கறி வீடு வந்து சேர்ந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. மான்களின் மூளையை அரிக்கும் நாள்பட்ட மெலிவு நோய் முதன்முதலில் கவனிக்கப்பட்டதே கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில், 1967இல். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிறுவப்படவில்லை. ஆனாலும் நோய் உறுதியான விலங்கின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையினரின் அறிவுரை. மாநிலத்தின் சோதனை நிலையத்தில் தலையைக் கொடுத்தால் கழுத்து நிணநீர்க் கணுவை எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஆகவே தலையும் ஒரு சுமை. முதலில் போட்ட ஆறு சுமைக் கணக்கில் அது இல்லை; அதற்கும் இடம் விட வேண்டும். முடிவு வரும்வரை கறியை உறைபெட்டியில் தனியே வைத்து, ஒரு துண்டும் யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு. நோய் இல்லை என்று வந்தால், பாதி நண்பர் வீட்டுக்கு, பாதி எங்களுக்கு. முதுகுக்கறியில் ஒரு முழத்துண்டு பெரியவருக்கு என்று இப்போதே சொல்லி வைத்தாயிற்று.

கொலராடோவில் எல்க் வேட்டைக்குப் போகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது என்பது பொதுவான கணக்கு. முதல்முறை போகிறவர்களுக்கு அதைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால் ஒன்பது நாளில் ஆறு நாள் மட்டுமே வேட்டைக்கு. கடைசி மூன்று நாள் சுமப்பதற்கு. ஆறாம் நாள் மாலைக்குள் எதுவும் விழவில்லை என்றால், ஏழாம் நாள் புதிதாகத் தேடப் போவதில்லை. முகாமைக் கலைத்துவிட்டுச் சாலை பனியில் மூடுவதற்குள் இறங்குகிறோம். வண்டி நிற்கும் இடம், முகாமின் இடம், சிவப்பு அடித்த பள்ளங்கள், தினமும் இரவு எட்டு மணிக்குச் செயற்கைக்கோள் கருவியில் நான் அனுப்பும் செய்தி, அது வராமல் போனால் மறுநாள் நண்பகல்வரை காத்திருந்துவிட்டு அழைக்க வேண்டிய மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்தின் எண், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்திருக்கிறேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, நண்பகல் என்பதை அடித்துக் காலை ஆறு மணி என்று திருத்தினார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.